வாசகர் கேள்வி–பதில்: அஞ்சலட்டையும் பொறுப்பாசிரியரும்

கேள்வி: ஜப்பானில் ஒரு மங்கா (படக்கதை) தொடர் நீடிப்பதும் நின்றுபோவதும் வாசகர்கள் அனுப்பும் வாக்குகளைப் பொறுத்தது என்று கேள்விப்பட்டேன். இது உண்மையா, ரசிகர்கள் கட்டிவிட்ட கதையா?

பதில்: 'ஷோனென் ஜம்ப்' வார இதழைப் பொறுத்தவரை பெருமளவு உண்மைதான். ஷூயேஷா நிறுவனம் 1968-இல் அந்த இதழைத் தொடங்கியபோது, 1959 முதலே வெளிவந்துகொண்டிருந்த 'ஷோனென் மேகஸின்', 'ஷோனென் சண்டே' என்ற இரண்டு போட்டி இதழ்கள் பெயர்பெற்ற ஓவியர்களைத் தம் பக்கம் வைத்திருந்தன. கையில் பெரும்பாலும் புதுமுகங்களே இருந்த ஜம்ப், அவர்களில் யார் தேறுவார் என்பதை வாசகரிடமே கேட்டுவிடலாம் என்று தீர்மானித்தது. இதழோடு ஓர் அஞ்சலட்டை வரும். அந்த வாரம் படித்தவற்றுள் மிகவும் பிடித்த மூன்று தொடர்களை வாசகர் அதில் குறித்து அனுப்ப வேண்டும். ஏறத்தாழ இருபது தொடர்கள் வெளியாகும் இதழில் மூன்றுக்குத்தான் இடம் என்பதால், எல்லாருக்கும் ஓரளவு பிடித்த தொடரைவிடச் சிலருக்கு உயிராக இருக்கும் தொடர் முன்னே போய்விடும். புதிய தொடர் ஒன்று முதல் பத்து வாரங்களுக்குள் போதிய அட்டைகளில் அந்த மூன்றுக்குள் தலைகாட்டாவிட்டால், அதன் ஓவியர் கதையை அவசரமாக முடித்துக்கொள்ள வேண்டி வருவது அங்கே வழக்கமான நிகழ்வு.

அந்த அட்டை கேட்கும் கேள்வியைக் கொஞ்சம் கவனியுங்கள். இந்த வாரம் எது பிடித்தது என்றுதான் அது கேட்கிறது. இந்தக் கதை எங்கே போகிறது, எப்போது முடிந்தால் நிறைவாக இருக்கும் என்று அது ஒருபோதும் கேட்பதில்லை. நீண்ட மங்கா தொடர்களின் அழகும் அவற்றின் நோயும் பெரும்பாலும் இந்த ஒற்றைக் கேள்வியிலிருந்தே பிறக்கின்றன என்பது என் எண்ணம். ஒவ்வொரு அத்தியாயமும் அடுத்த வாரத்தை நோக்கி வாசகரை இழுத்துக்கொண்டு போய் நிறுத்துவதற்கும், நெடுந்தொடர்கள் பல முடிவை நெருங்கும்போது திணறுவதற்கும் காரணம் அதுவே.

கேள்வி: டிராகன் பால் கதையில் செல் என்ற வில்லன் அடுத்தடுத்து உருமாறுவது ஓவியரின் திட்டமே இல்லை, பத்திரிகை ஆசிரியர்களின் தலையீட்டால் நேர்ந்தது என்கிறார்களே! அப்படியானால் அந்தக் கதை யாருடையது?

பதில்: இந்தக் கேள்விக்கு நியாயம் செய்ய வேண்டுமானால், சற்றுப் பின்னாலிருந்து தொடங்க வேண்டும். ஜப்பானிய இதழ்களில் ஒவ்வொரு ஓவியருக்கும் ஒரு பொறுப்பாசிரியர் இருப்பார். அவர் பதிப்பகத்தின் ஊழியர். ஓவியரோ தனித்து இயங்குபவர். அத்தியாயத்தின் பக்க வரைவை முதலில் பார்ப்பதும், இது போதாது, திரும்ப வரைந்து வாருங்கள் என்று சொல்வதும் பொறுப்பாசிரியரின் வேலை. டிராகன் பால் வரைந்த அகிரா டோரியாமாவுக்கு வாய்த்தவர் கசுஹிகோ டோரிஷிமா. பெயர்பெறாத இளைஞராக டோரியாமா வரைந்து அனுப்பிய நூற்றுக்கணக்கான பக்கங்களை இவர் தயவுதாட்சண்யம் பார்க்காமல் திருப்பி அனுப்பினார். 1980-இல் தொடங்கிய 'டாக்டர் ஸ்லம்ப்' தொடரில் விஞ்ஞானியைக் கதாநாயகனாக்க டோரியாமா விரும்பினார். அந்த விஞ்ஞானி உருவாக்கிய அராலே என்ற இயந்திரச் சிறுமியே நாயகி என்பதில் டோரிஷிமா உறுதியாக நின்றார். இருவரும் இதற்கு ஒரு பந்தயம் கட்டினார்கள். பெண்ணை முதன்மையாக வைத்து ஒரு சிறுகதை வரைவது, அது வாசகர் வாக்கில் முதல் மூன்று இடங்களுக்குள் வந்தால் டோரியாமா இணங்கிப்போவது என்பது ஒப்பந்தம். கதை மூன்றாம் இடத்தைப் பிடித்தது. அராலே நாயகியானாள், அதன் பிறகு டோரியாமாவின் பெயரை அறியாதவர் ஜப்பானில் இல்லை என்றாயிற்று. தோற்ற பந்தயத்துக்கு டோரியாமா தன் வழியில் கணக்குத் தீர்த்துக்கொண்டார்: அதே தொடரில் டாக்டர் மாஷிரிடோ என்று ஒரு வில்லன் வருவான். டோ-ரி-ஷி-மா என்ற அசைகளைப் பின்னிருந்து படித்தால் அந்தப் பெயர் கிடைக்கும், முகமும் அவருடையதே.

இனி செல். 1984-இன் இறுதியில் தொடங்கிய டிராகன் பால், 90-களின் தொடக்கத்தில் ஜம்ப் இதழின் தூணாக நின்றது. எதிர்காலத்திலிருந்து டிரங்க்ஸ் என்ற இளைஞன் வந்து, மனிதகுலத்தை அழிக்கப்போகும் இரண்டு செயற்கை மனிதர்களைப் பற்றி எச்சரிக்கிறான். டோரியாமா அந்த இருவரையும் வரைந்தார். ஒருவன் பருத்த உடல்காரன், மற்றவன் கிழவன். அப்போது டோரிஷிமா இந்தத் தொடரின் பொறுப்பை விட்டு வேறு பணிக்குப் போய்விட்டிருந்தார்; இருந்தும் படித்துவிட்டு, கிழவனும் குண்டனும்தானா எதிரிகள் என்று குறைபட்டுக்கொண்டார். டோரியாமா வேறு இருவரைப் படைத்தார். அழகும் இளமையும் கொண்ட 17, 18 என்ற இரட்டையர் அப்படி வந்தவர்கள். அப்போதைய பொறுப்பாசிரியர் யூ கொண்டோவுக்கு இவர்களும் போதவில்லை, சின்னப் பிள்ளைகளாக இருக்கிறார்களே என்றார். அதன் பிறகு வந்தவன்தான் செல். அவனுடைய முதல் உருவம் அருவருப்பாக இருக்கிறது, இவன் உருமாறுவான் அல்லவா என்று கொண்டோ கேட்டார். டோரியாமா அப்படி எதையும் நினைத்திருக்கவில்லை, கேட்டதற்காக உருமாற்றினார். இரண்டாவது உருவம் மந்தமாகத் தெரிகிறது என்று அடுத்த குறை வந்தது. அதற்குப் பிறகே அந்த மூன்றாவது, முழுமையான உருவம் பிறந்தது. டோரியாமாவே பின்னாளில் பேட்டிகளில் சொன்ன செய்திகள் இவை.

இதைக் கேட்டால் ஒரு படைப்பாளியை ஆட்டிவைத்த கதையாகத் தோன்றும். ஆனால் அந்த அத்தியாயங்களை ஒருமுறை திறந்து பாருங்கள். செயற்கை மனிதர்களோடு சண்டை நடந்துகொண்டிருக்கும் இடத்துக்கு டிரங்க்ஸ் வந்து சேர்கிறான், எதிரிகளைப் பார்க்கிறான், திகைக்கிறான். நான் சொன்னவர்கள் இவர்கள் இல்லை என்கிறான். எதிரிகளை நடுவழியில் மாற்ற வேண்டி வந்ததால் கதையில் விழுந்த ஓட்டை அது. டோரியாமா அதை மறைக்க முயலவில்லை, ஓட்டையையே வாசலாக்கிவிட்டார். எதிர்காலம் தெரிந்தவன் என்று நாம் நம்பியிருந்த ஒரே ஆளுக்கும் இனி எதுவும் தெரியாது என்ற அச்சம் அந்த ஒரு கட்டத்தில் வாசகருக்குள் இறங்குகிறது. காலத்தில் பின்னோக்கி வந்ததால் வரலாறே மாறிப்போயிருக்கிறது என்ற அந்தப் பகுதியின் மையக் கருத்துக்கும் அங்கேதான் உயிர் வருகிறது. குறை சொன்னவர்கள் ஆசிரியர்கள். அந்தக் குறையை இப்படி ஒரு கதையாக மாற்றும் கை டோரியாமாவுடையது. ஆகவே கதை அவருடையதுதான் என்று எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்வேன். ஆனால் கேட்க ஆளில்லாத இடத்தில் அவர் இதை வரைந்திருக்க மாட்டார் என்பதையும் சேர்த்தே சொல்வேன்.

கேள்வி: டிராகன் பால் நாயகன் கோகு, சூப்பர் சையன் என்ற வலிமை மிக்க நிலைக்கு மாறியதும் அவனுடைய முடி பொன்னிறமாவதற்கு ஏதாவது உட்பொருள் உண்டா?

பதில்: டோரியாமா சொன்ன காரணம் உழைப்பு மிச்சம் என்பதே. கோகுவின் கறுப்பு முடியைக் கட்டத்துக்குக் கட்டம் மையால் நிரப்புவதில் அவருடைய உதவியாளருக்கு நிறைய நேரம் போயிற்று. பொன்னிறம் என்று வைத்துவிட்டால், கறுப்பு வெள்ளையில் அச்சாகும் பக்கத்தில் அதை வெறுமனே வெள்ளையாக விட்டுவிடலாம். வாரம் தவறாமல் அத்தியாயம் கொடுத்தாக வேண்டிய நெருக்கடிதான், உலகம் முழுதும் அடையாளம் தெரிந்த அந்த உருவத்துக்கு ஒரு காரணம். எனக்கு இந்தச் செய்தி தெரிந்த பிறகு அந்தப் பக்கங்கள்மேல் மதிப்பு கூடியது.

கேள்வி: டிராகன் பாலில், நாமெக் கோள் ஐந்து நிமிடத்தில் வெடித்துவிடும் என்று வில்லன் ஃபிரீசா சொல்கிறான். அதன் பிறகு வாரக்கணக்கில் சண்டை நடக்கிறது. அனிமே என்ற அசைபடத் தொடரைத் தயாரிப்பவர்கள் ஏன் இப்படி இழுக்கிறார்கள்?

பதில்: இழுக்க வேண்டும் என்ற ஆசையால் இல்லை, ஓட இடமில்லாததால். டிராகன் பால் மங்காவின் ஓர் அத்தியாயம் சுமார் 15 பக்கம். டோயி நிறுவனம் தயாரித்த அனிமே, மங்கா வெளிவந்துகொண்டிருக்கும்போதே வாரந்தோறும் ஒளிபரப்பானது; விளம்பரம் போக இருபது நிமிடத்துக்கு மேல் நிரப்ப வேண்டும். 15 பக்கச் சண்டை அவ்வளவு நேரம் தாங்காது. வேகமாகப் போனால் மூலக்கதையை முட்டி நிற்க வேண்டும். அதே நேரத்தில், நல்ல வரவேற்புள்ள நிகழ்ச்சியைச் சில மாதம் நிறுத்திவைக்கத் தொலைக்காட்சி நிலையம் ஒப்பாது. எனவே முகத்துக்கு முகம் மாறி மாறிக் காட்டினார்கள், மலை அதிர்ந்தது, மேகம் திரண்டது, அந்த ஐந்து நிமிடம் பத்து எபிசோடுகளுக்கு நெருக்கமாக நீண்டது. இதை ஒருவகையில் டோயி நிறுவனமே பிறகு ஒப்புக்கொண்டது எனலாம்: 2009-இல் வெளியிட்ட 'டிராகன் பால் கை' பதிப்பில், முன்பு 194 எபிசோடுகளில் சொன்ன கதையை 97-இல் சொல்லி முடித்தார்கள்.

இன்னொரு வழி, மூலக்கதையில் இல்லாதவற்றைப் புனைந்து நடுவில் வைப்பது. ஃபில்லர் என்று ரசிகர்கள் சலித்துக்கொள்வது இதைத்தான். நருட்டோ அனிமேயின் முதல் பகுதி 220 எபிசோடுகள். அதன் கடைசி எண்பதுக்கும் மேற்பட்டவை பெரும்பாலும் இப்படி வந்தவை. அவற்றுள் பலவற்றை நானும் பொறுமையிழந்து கடந்திருக்கிறேன். ஆனால் கோகுவும் பிக்கொலோவும் கார் ஓட்டும் உரிமம் வாங்கப் போகும் எபிசோடும் ஒரு ஃபில்லர்தான். உலகத்தைக் காப்பாற்றும் இருவர், ஓட்டுநர் பயிற்சியாளர் முன்னால் பிள்ளைகளைப்போல் விழிக்கும் அந்த எபிசோடை இழக்க எனக்கு மனம் வராது.

மூன்றாவது வழியும் ஒன்று உண்டு. 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்' மங்கா பாதி வழியில் இருக்கும்போது, 2003-இல் வந்த அனிமே தனக்கென்று வேறொரு முடிவை எழுதிக்கொண்டது. மங்கா முடியும் தறுவாயில், 2009-இல், அதே போன்ஸ் நிறுவனம் மூலக்கதையைப் பின்பற்றி மீண்டும் முதலிலிருந்து எடுத்தது. இரண்டுக்கும் இன்றுவரை தனித்தனி ஆதரவாளர்கள் இருக்கிறார்கள். இப்போதெல்லாம் பருவம் பருவமாகப் பிரித்து, கதை சேர்ந்த பிறகு எடுக்கும் முறை பரவிவிட்டதால் இந்தத் தொல்லை குறைந்துவருகிறது. 1999 முதல் ஓடிக்கொண்டிருக்கும் 'ஒன் பீஸ்' அனிமேயே 2024 அக்டோபரில் புதிய எபிசோடுகளை நிறுத்தி, அடுத்த ஏப்ரலில்தான் திரும்ப வந்தது.

கேள்வி: அனிமேயில் உருவான பாத்திரம் மங்காவுக்குள் வந்ததுண்டா?

பதில்: உண்டு. 'டிடெக்டிவ் கோனன்' தொடரில் வரும் காவலர் டகாகி அனிமேயில் முதலில் தோன்றியவர். குரல் கொடுத்த நடிகரின் குடும்பப் பெயரே பாத்திரத்தின் பெயராயிற்று. மங்காவை வரையும் கோஷோ ஆவோயாமா அவரை மங்காவிலும் சேர்த்துக்கொண்டார்.

கேள்வி: முடிக்க வேண்டிய இடத்தில் முடிக்காமல், புகழுக்காகக் கதையை நீட்டுவது வாசகருக்குச் செய்யும் துரோகம் இல்லையா?

பதில்: உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. துரோகம் என்ற சொல்லை மட்டும் நான் ஏற்கமாட்டேன். 'ஃபிஸ்ட் ஆஃப் த நார்த் ஸ்டார்' தொடரைப் படித்தவர்களுக்கு, முக்கிய எதிரியான ராவோ இறக்கும் இடத்தில் கதை தன் உச்சத்தைத் தொட்டுவிட்டது என்று தெரியும். இதழ் அங்கே விடவில்லை. 1988 வரை தொடர் ஓடியது. பின்பகுதியை முன்பகுதியோடு ஒப்பிடவே முடியாது என்பது என் கருத்து. இந்த விஷயத்தில் நான் முழுதும் உங்கள் கட்சி.

ஆனால் பதிப்பகத்தாரின் அச்சத்தையும் பார்க்க வேண்டும். 1994-இன் இறுதியில் ஜம்ப் ஒரே இதழில் 65 லட்சத்து 30 ஆயிரம் பிரதிகள் அச்சிட்டது. 1995 மே மாதத்தில் டிராகன் பால் முடிந்தது. அடுத்த ஆண்டு 'ஸ்லாம் டங்க்' முடிந்தது. 1997-இல் ஜம்ப் இதழைப் போட்டியாளரான 'ஷோனென் மேகஸின்' விற்பனையில் முந்திவிட்டது. இரண்டு கதைகள் முடிவதைப் பொறுத்து ஒரு பெரிய நிறுவனத்தின் ஏற்ற இறக்கம் இருந்தது என்றால், அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் முடித்துக்கொள்ளுங்கள் என்று எளிதாகச் சொல்லிவிட மாட்டார்கள்.

இதற்கு விலை கொடுப்பவர் ஓவியர். டோரியாமா பத்தரை ஆண்டுகளில் டிராகன் பாலுக்கு 519 அத்தியாயங்கள் வரைந்தார். 'யூ யூ ஹகுஷோ' வரைந்த யோஷிஹிரோ டோகாஷி, தொடர் உச்சத்தில் இருந்த 1994-இல் அதை நிறுத்தினார். நிறுத்தியது தன் சொந்த முடிவு என்பதையும், உடலும் மனமும் பட்ட பாட்டையும் சிறு வெளியீடு ஒன்றில் தானே எழுதி, ரசிகர் கூடும் காமிகெட் சந்தையில் கொடுத்தார். அவர் 1998-இல் தொடங்கிய 'ஹண்டர் எக்ஸ் ஹண்டர்' 400 அத்தியாயங்களைத் தாண்டியும், நீண்ட இடைவெளிகளோடு, இன்னும் முடியாமல் நிற்கிறது. அது தாமதமாவதைக் குறைகூறி எழுதும் வாசகர்களிடம் நான் வேண்டுவது, அந்த 1994-ஐயும் நினைவில் வையுங்கள் என்பதே.

மாறாக, 'டீமன் ஸ்லேயர்' 2016 முதல் 2020 வரை நான்கே ஆண்டுகள், 23 தொகுதிகள். 2019-இல் வந்த அனிமே நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்த நேரத்தில், கோயோஹாரு கோடோகே தன் கதையை அதற்குரிய இடத்தில் முடித்தார். 2020 அக்டோபரில் வந்த அதன் திரைப்படம் ஜப்பானிய வரலாற்றிலேயே மிகுதியாக வசூலித்த படமானது. பணம் வாசலில் நிற்கும்போது கதையை முடிக்க விட்ட பதிப்பகத்தையும் இந்த ஒன்றுக்காக மனமாரப் பாராட்டுகிறேன்.

கேள்வி: நான் படக்கதை வரையப் பழகும் மாணவி. என் வரைவைப் பார்ப்பவர் சொல்லும் திருத்தங்களை ஏற்பதா, என் மனம் சொல்வதைக் கேட்பதா என்று குழப்பமாக இருக்கிறது.

பதில்: குறை எங்கே இருக்கிறது என்று அவர் காட்டினால், பெரும்பாலும் அது சரியாக இருக்கும். அதை எப்படிச் சரிசெய்வது என்பதை மட்டும் நீங்களே முடிவு செய்யுங்கள். 'நருட்டோ' வரைந்த மசாஷி கிஷிமோட்டோவிடம், நாயகன் நருட்டோவுக்கு ஒரு போட்டியாளன் வேண்டும் என்று சொன்னவர் அவருடைய பொறுப்பாசிரியர் கோசுகே யஹாகி. அந்தப் போட்டியாளன்தான் சாஸுகே. அவன் இல்லாத நருட்டோவை இன்று நினைத்துப் பார்க்க முடியுமா? போட்டியாளன் வேண்டும் என்பது மட்டுமே ஆசிரியரின் யோசனை. 700 அத்தியாயங்கள் நீண்ட அந்த நட்பின் வலியைக் கண்டெடுத்தவர் கிஷிமோட்டோ.

ஒரு வாசல் மூடினால் மனம் தளராதீர்கள். ஹஜிமே இசயாமா தன் தொடக்கக் காலப் படைப்பை ஜம்ப் அலுவலகத்துக்கும் கொண்டுபோனார். அது அங்கே தங்கவில்லை. கோடன்ஷா நிறுவனம் அவரை ஏற்றது. 2009-இல் 'அட்டாக் ஆன் டைட்டன்' தொடங்கி, 34 தொகுதிகளில் முடிந்தது. அந்த இருண்ட, சிடுக்கான கதை வாராந்தர அட்டையின் நெருக்கடிக்குள் நின்றிருக்குமா என்று எனக்கு ஐயமுண்டு. அது வெளிவந்த மாத இதழின் நிதானம் அதற்குப் பொருந்தியது. எந்த வேகத்தில் உங்கள் கதை மூச்சுவிடுகிறது என்று தெரிந்துகொண்டு இடம் தேடுங்கள்.

கேள்வி: 'ஸ்லாம் டங்க்' இறுதி அத்தியாயத்தில் முதல் பகுதி முற்றும் என்று போட்டிருந்ததே, இரண்டாம் பகுதி ஏன் வரவேயில்லை?

பதில்: அந்தத் தொடரின் பெரும் ரசிகன் என்பதால் இந்தக் கேள்வியைக் கடைசியில் வைத்திருந்தேன். கூடைப்பந்துக் கதை ஓடாது என்ற எண்ணம் பதிப்புலகில் வேரூன்றியிருந்த 1990-இல் தொடங்கி, 31 தொகுதிகளில் டகேஹிகோ இனோவே அதை முடித்தார். இதற்குமேல் ஓர் ஆட்டம் வரைந்தால் முந்தைய ஆட்டத்தைவிடக் குறைவாகத்தான் இருக்கும் என்ற இடத்தில் அவர் நிறுத்தினார் என்றே அந்தக் கடைசிப் பக்கங்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.

ஆனால் ஒருவகைத் தொடர்ச்சி இருக்கிறது. தொடரின் விற்பனை பத்துக் கோடிப் பிரதிகளைத் தாண்டியபோது, 2004-இல், இனோவே வாசகர்களுக்கு நன்றி சொல்லத் தன் சொந்தச் செலவில் ஆறு நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தார். அந்த ஆண்டு டிசம்பரில் கனகாவா மாவட்டத்தில் மூடப்பட்டுக் கிடந்த மிசாகி உயர்நிலைப் பள்ளிக்குப் போய், வகுப்பறைகளில் இருந்த 23 கரும்பலகைகளில் சுண்ணக்கட்டியால், கடைசி ஆட்டத்துக்குப் பத்து நாள் கழித்து அந்தப் பிள்ளைகள் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்பதை வரைந்தார். அதற்கு வாக்கு அட்டையும் இல்லை, அடுத்த வாரமும் இல்லை. வாசகர்கள் வகுப்பு வகுப்பாக நடந்து, நின்று, படித்தார்கள். மூன்று நாள் நிகழ்ச்சி முடிந்ததும் பலகைகள் துடைக்கப்பட்டன.